எஹலியகொடையில் ஜப்பான் எழுத்து

எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று சொல்லித்தான் மொரிட்டாவோடு இலங்கைக்குக் கப்பலேறினேன். அது பாதிதான் உண்மை. பேசத் தெரியும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

மொரிட்டா கோபே நகரத்தில் ரப்பர் அடி வைத்த சப்பாத்து செய்யும் கம்பெனிக்குச் சரக்கு வாங்குகிறவர். சபரகமுவத் தோட்டங்களில் சப்பாத்து அடிக்கென்றே தடித்த கிரேப் ரப்பர் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதை நேரில் பார்க்கக் கிளம்பியிருந்தார். வழியில் பினாங்கில் தமிழும் ஜப்பானியமும் தெரிந்த ஆளைத் தேடியபோது நான் அகப்பட்டேன். பேசச் சொன்னார், பேசினேன். வாசிப்பாயா என்றார். வாசிப்பேன் என்றேன். நான் வேலை பார்த்த அச்சுக்கூடம் மூடிக்கிடந்தது. வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேசக் கற்றுக்கொண்ட கதை சிறியது. அச்சுக்கூடத்துக்கு எதிரே ஒரு ஜப்பானியரின் முடிவெட்டும் கடை இருந்தது. வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அவர் ஆட்களோடு பேசுவதைக் கேட்டு, ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் என்று தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வேன். 'வதாஷி வ உச்சி எ கயெரிமஸ்.' அதன் கீழே 'நான் வீட்டுக்குத் திரும்புகிறேன்.' சொல்லுக்குச் சொல் வரிசை மாறாமல் அப்படியே உட்கார்ந்தது. நம்முடைய 'கு'வும் 'இல்'லும் போல அவர்களும் சொல்லின் வாலில்தான் ஒட்டுகிறார்கள். வினை கடைசியில்தான் வருகிறது. வெள்ளைக்காரன் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டிய இடத்தில் நான் நேராக நடந்து போனேன். அந்தச் சுகத்திலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எழுத்துப் பக்கம் போகவே இல்லை.

எஹலியகொடைக்குப் போகும் ரயில் பொம்மை ரயில் மாதிரி குறுகலானது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். ஒரு வளைவில் எருமை ஒன்று தண்டவாளத்தில் படுத்திருந்தது. டிரைவர் இறங்கிப் போய் அதைச் சமாதானப்படுத்துகிற வரையில் வண்டி நின்றது. எதிர் இருக்கைச் சிங்களப் பெண்ணொருத்தி எங்களுக்கு றம்புட்டான் பழம் கொடுத்தாள். பக்கத்திலிருந்தவள் மொரிட்டாவை ஓரக்கண்ணால் பார்த்துக் கேட்டதை வண்டியிலிருந்த ஒரு தமிழர் எனக்குச் சொன்னார். "இந்த ஆள் சீனனா என்று கேட்கிறாள். இல்லை, கோப்பை பீங்கான் செய்கிற ஊர்க்காரன் என்று மற்றவள் சொல்கிறாள்." மொரிட்டாவிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி அந்தப் பெண்களுக்குக் குனிந்து வணங்கினார்.

பினாங்குப் பக்கத்தில் ரப்பர் மரங்கள் சமதரையில் வரிசையாக நிற்கும். இங்கே மலைச்சரிவில் நிற்கின்றன. பால் வெட்டுகிற பெண்கள் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றிக்கொண்டு, சாய்ந்தபடியே நாள் முழுவதும் வேலை செய்கிறார்கள். நாங்கள் தங்கிய தோட்டம் ஊரிலிருந்து நாலு மைல் தூரம். துரை கொழும்புக்குப் போயிருந்ததால் விருந்தினர் பங்களாவைத் திறந்து கொடுத்திருந்தார்கள். சமையல்காரர் முத்துசாமி தேங்காய் ரொட்டியும், கண்ணில் நீர் வரவைக்கும் கட்டச் சம்பலும் வைத்தார். தேத்தண்ணியைக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். பினாங்கில் சீனியைக் கொட்டிக் குடித்துப் பழகிய எனக்கு இது புதிதாகவும் நன்றாகவும் இருந்தது.

முதல் நாளே என் நோட்டு என்னைக் காட்டிக் கொடுத்தது. மொரிட்டா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஏதோ கேட்டார். எனக்கு 'ககி' என்று காதில் விழுந்தது. நோட்டில் ககி என்றால் சிப்பி. முத்துசாமியிடம் போய், ஐயாவுக்குச் சிப்பி வேண்டுமாம் என்றேன்.

"இந்த மலையில சிப்பிக்கு நா எங்கங்க போவேன்?" என்றார் அவர். "ஓடையில பெல்லாதான் இருக்கு. நத்தைங்க. அது போதுமான்னு கேளுங்க."

மொரிட்டா கேட்டது பெட்டிச் சாவி. இரண்டு சொல்லுக்கும் கடைசி எழுத்தில்தான் வித்தியாசம், ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், மற்றதைத் தளர்த்திச் சொல்ல வேண்டும். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கி'தான். அன்றைக்கு மொரிட்டாவும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்துத் தப்பித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் ரப்பர் செய்யும் ஸ்டோரில் கழிந்தது. பால் உறைவதையும், உருளைகளுக்கிடையே அது வெள்ளைத் துணிபோல் நசுங்கி வருவதையும், அடுக்கடுக்காக ஒட்டித் தடித்த பலகையாவதையும் மொரிட்டா தொட்டும் முகர்ந்தும் பார்த்தார். கேள்விகளை நான் தமிழாக்கிக் கேட்டேன். வேலை சுகமாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் சாப்பிடும்போது தொண்டை வலிக்கிறது என்றார். நான்காம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

காய்ச்சல் கொதித்தது. வாயைத் திறக்க முடியவில்லை, தாடை பூட்டிக்கொண்டிருந்தது. பேச முயன்றால் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல முனகல்தான் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் அருளப்பனைக் கூட்டிவந்தார்கள். எல்லோரும் அவரை டாக்டரய்யா என்றார்கள். பொறுமையானவர், காய்ச்சல்காரர்களையே பார்த்துப் பார்த்துக் களைத்த கண்கள்.

"குளிர்காய்ச்சல்தாங்க," என்றார். "லயத்து வீடுகள்ல பாதிப் பேரு இதுலதான் படுத்திருக்காங்க. கொயினா குடுத்தா எறங்கிரும்."

மருந்துக் கோப்பையைக் கண்டதும் மொரிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி நீட்டியபோது கையால் தட்டிவிட்டார். மருந்து வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று பலமாகத் தலையாட்டினார்.

"கசப்புக்குப் பயப்படுறாரு," என்றார் அருளப்பன். "பெரிய மனுசங்களும் இதுல புள்ளைங்கதான். வாயால போகலன்னா ஊசியா போட்டுரலாம்."

அப்போது மொரிட்டா காகிதமும் பென்சிலும் கேட்டுச் சைகை செய்தார். நெஞ்சில் வைத்து நாலைந்து வரி எழுதினார். அதை என் கையில் திணித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

கொடி பின்னியதுபோல் இருந்தது அந்த எழுத்து. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க எழுதியிருக்காரு?" என்றார் அருளப்பன்.

"கோபேக்குத் தந்தி கொடுக்கச் சொல்கிறார்," என்றேன்.

அந்தப் பொய் எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மொரிட்டாவுக்குத் தமிழ் தெரியாது. நான் வாசித்துச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தார். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு தலையணையில் சாய்ந்தார்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். உள்ளே ஸ்பிரிட் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைக்கும் சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிய விதம் எனக்குள் புகுந்துகொண்டு போக மறுத்தது. திரும்ப உள்ளே போய் அவரை உலுக்கினேன். காய்ச்சல் மயக்கத்தில் கண் திறந்தாரே தவிர, என் கேள்வி எதுவும் அவருக்கு ஏறவில்லை.

"டாக்டரய்யா, ஊசி போடாதீங்க," என்றேன். "நான் சொன்னது பொய். எனக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது."

அருளப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எஹலியகொடையில காசிம் நானாவோட துணிக்கடை இருக்கு," என்றார். "அந்த வீட்டுல யாரோ ஜப்பான் எழுத்து வாசிக்கிறதா பேசிக்குவாங்க. நெசமோ பொய்யோ தெரியாது. போய்ப் பாருங்க. பன்னெண்டு மணி வரைக்கும் பொறுக்குறேன். அதுக்கு மேல காய்ச்சல் ஏறுனா என்னால சும்மா இருக்க முடியாதுங்க."

ரப்பர் ஏற்றிப் போகும் லொறியில் தொற்றிக்கொண்டேன். இரண்டு மைல் தாண்டுவதற்குள் முந்தின நாள் மழையில் சாய்ந்த மரம் ஒன்று பாதையை அடைத்துக் கிடந்தது. குதித்து, மிச்சத்தை ஓடியும் நடந்தும் கடந்தேன். கடைவாசலில் நின்றபோது காலில் மூன்று அட்டைகள் ஒட்டியிருந்தன. கல்லாவிலிருந்த காசிம் நானா சுண்ணாம்பு தடவி அவற்றை விழவைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். முப்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர்.

"எங்க தாத்தாவுக்குத் தெரியும்," என்றார். "உள்ள ஈக்கிறாங்க. வாங்க."

அந்தக் கொடியெழுத்தைக் கிழவர் ஒருவர் எப்படி வாசிப்பார்?

"அவருக்குப் பார்வை தெளிவா இருக்குமா?" என்று கேட்டேன்.

"பார்வையா? என்னைவிட நல்லாத் தெரியும்," என்றார் அவர், குழம்பிப்போய்.

கடைக்குப் பின்னால் ஒரு திரை. அதன் முன்னால் எனக்கு ஒரு முக்காலி போட்டார். திரைக்குப் பின்னாலிருந்து பெண் குரல் கேட்டது. "கடதாசியத் தாங்க தம்பி."

இந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்கிறார்கள், அக்காளைத்தான் தாத்தா என்கிறார்கள். காசிம் நானாவின் அக்காள் பெயர் ஹாஜரா. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் நான் காகிதத்தைத் திரையின் ஓரமாக நீட்டினேன், வளையல் போடாத ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

"கையெழுத்து ஓடுது," என்றாள். "கொஞ்சம் பொறுங்க. மொத எழுத்து 'முந்தி'. அடுத்தது ஒரு ஊர்ப்பேர் போல. பொறகு சத்தமெழுத்து. கி... நீ... நே. இது எனத்தண்டு வெளங்கல்ல. அப்புறம் 'குடிச்சு'."

அவள் சித்திர எழுத்துகளை ஜப்பானியத்தில் உச்சரிக்கவே இல்லை. பார்த்ததும் தமிழில் சொன்னாள். ஒலியெழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டினாள்.

"அதைத் திரும்பச் சொல்லுங்க அக்கா. கி நீ நே?"

"ஓ. கி, நீ, நே."

"கொயினா!" என்றேன். "கொயினாவைத்தான் அவங்க அப்படிச் சொல்வாங்க."

"அப்ப கேளுங்க. 'முந்தி அந்த ஊர்ல கொயினா குடிச்சு, ரத்தம்...' அடுத்தது சிறுநீரு. 'ரத்தமாப் போச்சு. சாவு கிட்ட வந்திச்சு.' அடுத்த வரியிலயும் அதே கொயினா. வரி முடியிற எடத்தப் பாக்கணும், அங்கதான் ஓமா இல்லையாண்டு ஈக்கும். நம்ம பாஷை போலதான்." பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. "'வேணாம்' எண்டு முடியுது தம்பி. கொயினா வேணாம்."

நான் கடைச் சுவரிலிருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் ஈக்குது. 'தொண்டை.' அதுக்குப் பக்கத்துல ஒரு எழுத்து, அது எனக்குத் தெரியாது. கோடு எண்ணிப் பாக்கணும்." அவள் முணுமுணுத்து எண்ணினாள். முதலில் ஒரு புத்தகம் புரளும் சத்தம், பிறகு இன்னொன்று. "'சீழ்'. தொண்டையில சீழ். 'வெட்டினா சொகமாகும்.'"

நேரம் பதினொன்றே கால். காசிம் நானா கடையை அப்படியே விட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார். பின்னால் நான் உட்கார்ந்தேன். ஏற்றத்தில் இருவரும் இறங்கித் தள்ளினோம், இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். சாய்ந்த மரத்துக்கு மேலால் சைக்கிளைத் தூக்கிக் கடந்தோம்.

பங்களாவுக்குள் ஓடியபோது அருளப்பன் மொரிட்டாவின் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஊசியில் மருந்து ஏறியிருந்தது. மூச்சு வாங்க நான் சொன்னதைக் கேட்டார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மொரிட்டாவின் தாடைக்குக் கீழே விரலால் அழுத்தினார். மயக்கத்திலேயே அவர் துடித்தார். கரண்டிக் காம்பை மெதுவாகப் பல்லுக்கிடையே விட்டு உள்ளே பார்த்துவிட்டு, வெளியே வந்து படியில் உட்கார்ந்தார் அருளப்பன்.

"ஊசிய கையில எடுத்துட்டேங்க," என்றார். பிறகு எழுந்து டாக்டருக்கு ஆளனுப்பினார்.

பிற்பகலில் அவிசாவளையிலிருந்து ஒரு டாக்டர் வந்து தொண்டைக் கட்டியைக் கீறிவிட்டார். சாயங்காலமே காய்ச்சல் இறங்கத் தொடங்கியது.

மறுநாள் மொரிட்டா கஞ்சி குடித்தார். முத்துசாமி அதில் தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தார். மொரிட்டா கோப்பையைக் கீழே வைக்கும் வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்துத் தெரியாததை, பினாங்கில் சொன்னதை, அந்த வராந்தாவை.

"நான் காகிதத்தைக் கொடுத்ததும் நீ ஏதோ சொன்னாயே," என்று கரகரத்த குரலில் கேட்டார். "என்ன சொன்னாய்?"

"கோபேக்குத் தந்தி கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று."

"அதை நம்பித்தான் தூங்கினேன்," என்றார்.

அன்றும் அடுத்த நாளும் அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. என்னை அனுப்பிவிடுவார் என்று நினைத்துத் துணிகளை மடித்து வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் தன் கைப்பையிலிருந்து ஒரு சிறிய அகராதியை எடுத்துத் தந்தார். "வாசித்த அம்மாவிடம் கொடு. நான் தலை வணங்கியதாகச் சொல். சரியாகச் சொல்." பிறகு, நான் கதவருகே போனதும், "கப்பலில் உனக்குத் தினமும் பத்து எழுத்து," என்றார்.

இந்த முறை நிதானமாக நடந்தே போனேன். திரைக்கு முன்னால் அதே முக்காலி. காசிம் நானா வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார், ஏலக்காய் மணக்கும் இனிப்பு. அகராதியைத் திரையோரம் கொடுத்துவிட்டு, எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

அவள் தன் நோட்டை வெளியே நீட்டினாள். தமிழை அரபு எழுத்தில் எழுதியிருந்தாள், வலமிருந்து இடமாக. அவர்கள் வீட்டில் பெண்கள் அப்படித்தான் எழுதப் படிக்கிறார்களாம். 'கி' இரண்டையும் புள்ளி வைத்துத் தனித்தனியாகப் பிரித்திருந்தாள். சாவியும் சிப்பியும் அவளிடம் ஒருபோதும் கலந்திருக்காது. ஜப்பான் எழுத்தை இங்கிலீஷில் தரும் புத்தகம் ஒன்று, இங்கிலீஷைத் தமிழில் தரும் புத்தகம் ஒன்று. கொழும்பிலிருந்து தம்பி வாங்கி வந்தவை. ஜப்பான் துணிக்கட்டில் வரும் காகிதங்களையெல்லாம் சேர்த்து வைத்து, எழுத்தின் கோடுகளை எண்ணித் தேடுவாள். கற்றதை ஈர்க்குக் குச்சியால் கொல்லை மண்ணில் எழுதிப் பார்ப்பாள். ஒரு ஜப்பானியர் பேசி அவள் கேட்டதே இல்லை.

"எதுக்காக அக்கா இவ்வளவு கஷ்டம்?"

காசிம் நானா எழுந்து கடைப்பக்கம் போய்விட்டார்.

"எங்கட அவரு மாணிக்கக் கல் யாவாரத்துக்குக் கோபே போனவரு," என்றாள். "நாலு வருஷத்துக்கு முந்தி அங்கயே மவுத்தாயிட்டாரு. அவரு தங்கியிருந்த வீட்டுக்காரப் பொம்பள எனக்கு ஒரு கடதாசி போட்டா. எல்லாம் ஜப்பான் எழுத்து. கொழும்புக்கு அனுப்பி வாசிக்கலாம் எண்டு காசிம் சென்னான். எனக்கு மனசு வரல்ல. அதுல எனத்த எழுதியிருக்கோ. வேற ஆள் வாசிச்சு எனக்குச் செல்லுறதா?"

இரண்டு வருஷத்தில் அவள் கடிதத்தை வாசித்துவிட்டாள். அவர் காய்ச்சலில் கிடந்தபோது கைவிடாமல் பார்த்துக்கொண்டதை அந்த வீட்டுக்காரப் பெண் எழுதியிருந்தாள். அவர் மார்க்கத்து ஆட்கள் வந்து உடலை எடுத்துப்போனதையும், தன் வீட்டுக் குடையை அவர் ஒரு தடவை தைத்துக் கொடுத்ததையும் எழுதியிருந்தாள்.

"கடைசி வரி மட்டும் முடியல்ல தம்பி. பாதியில நிக்கிது. அடுத்த பக்கம் இல்ல." குரல் தாழ்ந்தது. "காசிம்தான் கடதாசியத் திறந்தவன். கெட்ட செய்தி ஈந்ததால அந்தப் பக்கத்த ஒளிச்சிட்டான் எண்டு நெனச்சேன். அங்க அவருக்கு வேற குடும்பம் ஈந்திச்சோ எண்டு. ரெண்டு வருஷமா அவனோட சரியாப் பேசுறதில்ல."

கடிதத்தை அவள் காட்டவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் தனிக் காகிதத்தில் எழுதி நீட்டினாள். எனக்கு வாசிக்கத் தெரியாது, நீங்களே கூட்டிச் சொல்லுங்கள் என்றேன்.

"ஹொ, ன், மா, நி. ஒ, ஹொ, கி, நி." அவள் விளக்கினாள். "'ஹொன்' புத்தகம். 'மா' அறை. 'நி' அதுல. அப்புறம் 'பெரிசா'. புத்தக அறையில, பெரிசா... அவ்வளவுதான். பெரிசா எனத்த?"

எனக்கும் விளங்கவில்லை. அவள் சொன்ன எழுத்துகளை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். வேகமாகச் சொன்னபோது, பினாங்குக் கடையில் துண்டை உதறிக்கொண்டே அந்த முடிவெட்டுகிறவர், எழுந்து போகிற ஒவ்வொருவரிடமும் சொன்னது காதில் கேட்டது.

"அக்கா, அங்க புத்தகமும் இல்லை, அறையும் இல்லை," என்றேன். "ஹொம்மாநி ஓகினி. ஒஸாகா, கோபே பக்கத்து ஆட்கள் பேச்சு. அகராதியில இப்படி இருக்காது. 'நெசமாவே ரொம்ப நன்றி.' அதுக்குத்தான் அப்படிச் சொல்வாங்க."

திரைக்குப் பின்னால் காகிதம் சரசரத்தது.

"அப்ப கடதாசி முடிஞ்சி ஈக்குதா?"

"முடிஞ்சிருக்கு அக்கா. அதுக்கு மேல பக்கமே இல்லை."

அவள் "காசிம்," என்று கூப்பிட்டாள். அவர் வந்து திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். தாழ்ந்த குரலில் அவள் என்னவோ சொல்வதும், "உடுங்க தாத்தா, உடுங்க," என்று அவர் சொல்வதும் கேட்டன. நான் வட்டிலப்பத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, போயிட்டீங்களா?"

"இருக்கேன் அக்கா."

"ஒருத்தர் அப்படிச் சென்னா, அதுக்கு எனத்த பதில் செல்லுறது?"

"'தோ இதாஷிமஷிதே.' 'நன்றியெல்லாம் எதுக்குங்க'ன்னு அர்த்தம்."

அவள் சொல்லிப் பார்த்தாள். 'தோ' நீளமா குறுகலா என்று கேட்டாள். நீளம் என்றேன். மறுபடி சொன்னாள், மூன்று தடவை. அப்புறம் காகிதத்தில் பேனா உரசியது. ஒரு தாள் திரையோரம் வெளியே வந்தது.

"பாருங்க, பிழையில்லாம ஈக்கா?"

"என்னால வாசிக்க முடியாது அக்கா. மொரிட்டா ஐயாகிட்ட காட்டிக் கொண்டுவரட்டா?"

"வேணாம்," என்றாள். "பிழையெண்டாலும் அந்த வீட்டுக்காரப் பொம்பள வெளங்கிக்குவா."

காசிம் நானா தாளை மடித்து உறைக்குள் போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனார்.